வாழ்வை அளக்கும் மரக்கால்

தஞ்சைத் தரணி அளவைகளின் நாடு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என நிலத்தையும், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என நெல்லையும் அளந்து பழகியவர்கள் நம் முன்னோர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) வெட்டுவித்த கல்வெட்டுகளில் இப்பழக்கத்தின் நேர்த்தியைக் காணலாம். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் நிறைகல். மணிகளை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் நிறைகல். நெல்லை அளக்க 'ஆடவல்லான்' என்றே பெயர் கொண்ட மரக்கால். இறைவனின் பெயர்களே அளவைகளுக்கும் இடப்பட்டன. அளப்பவன் கை அஞ்சட்டும், அளவை பொய்க்காதிருக்கட்டும் என்னும் எண்ணம் அப்பெயர்களுக்குப் பின்னே இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நிலத்தையும் நெல்லையும் அளந்த மனிதன், கடந்த நூறு ஆண்டுகளில் தன் வாழ்வையே அளக்கத் தலைப்பட்டான். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, மூப்பின் தளர்ச்சி என்று மருத்துவமனைக்குச் செல்வோரிடம் இன்று சில இடங்களில் ஒரு வினாத்தாள் நீட்டப்படுகிறது. கடந்த இரு வாரங்களில் உறக்கம் எப்படி? உடல்வலி உம் வேலையைத் தடுத்ததா? உம் வாழ்வு பொருளுள்ளதாய்த் தோன்றுகிறதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். எண்களைக் கூட்டிப் பெருக்கினால் அந்த மனிதரின் 'வாழ்வின் தரம்' இவ்வளவு என்று ஒரு மதிப்பெண் கிடைக்கிறது.

பரீட்சைத் தாளுக்கு மதிப்பெண் இடுவது போல் மனித வாழ்வுக்கும் மதிப்பெண் இடலாமா என்று நம் வாசகர்களில் பலர் திடுக்கிடக்கூடும். அத்திடுக்கம் நியாயமானதே. ஆயினும் இம்முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை அறிந்த பின்னரே அதில் கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்தறிய இயலும்.

பாலக்குறிச்சியில் ஒரு வினாப்பட்டியல்

'வாழ்க்கைத் தரம்' என்று நாம் வழக்கமாகச் சொல்வது, ஒருவருக்கு உள்ள வீடு, உணவு, உடை, வருமானம் ஆகியவற்றை. 'வாழ்வின் தரம்' என்று இக்கட்டுரையில் நாம் சொல்வது, அவற்றுக்கு நடுவே வாழும் மனிதர் தம் வாழ்வை எவ்வாறு உணர்கிறார் என்பதை. வரலாற்றில் முதலாவதே முன்னர் அளக்கப்பட்டது. அவ்வரலாற்றில் நம் காவிரிப் படுகைக்கும் ஓர் இடம் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். அவர் 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குச் சென்று விவரம் திரட்டச் செய்தார். நிலம் யாரிடம் உள்ளது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதப்பட்ட அறிக்கைகள் 1918இல் நூலாயின. அந்நூலில் இடம்பெற்ற கிராமங்களுள் ஒன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்திலும் இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலும் அடங்கிய பாலக்குறிச்சி. 1930களில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் தலைமையிலும், 1980களில் எஸ். குகன் என்பவராலும் அவ்வூர் மீண்டும் ஆராயப்பட்டது. அண்மையில் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் பற்றிய ஆய்வு 2023இல் நூலாக வெளிவந்தது. நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கப்பட்ட கிராமங்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

இக்கணக்குகளை அற்பமென்று எண்ணலாகாது. வெண்மணியின் பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சு கனக்கிறது. 1968 டிசம்பர் 25. ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பு கொண்டாடப்பட்ட அந்நாளின் இரவில், கீழவெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்கு முந்தைய போராட்டத்தில் அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. அதன் பின்னரே கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஏட்டில் அரைப்படி என்பது ஒரு சிறு பின்னம். அதைக் கேட்டவர்களுக்கோ அது மாண்பின் அளவு. இன்றைய வினாத்தாள்களில், அன்றாட வாழ்வில் நீர் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர் என்றும் ஒரு கேள்வி உண்டு. அக்கேள்வியை அந்த மார்கழியில் அச்சேரியில் எவரேனும் கேட்டு, விடையைக் குறித்து, உரியவரிடம் சேர்த்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மருத்துவரின் மதிப்பெண்ணும் மனிதரின் ஏணியும்

கிராமத்தைக் கணக்கெடுப்பது ஒரு வழி என்றால், நோயாளியைக் கணக்கெடுப்பது மற்றொரு வழியாக வளர்ந்தது. 1948இல் டேவிட் கார்னோஃப்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் நுரையீரல் புற்றுநோய்க்கு நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் கடுமையான மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். கட்டி சுருங்கியதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர். அதற்காக 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக ஏறும் ஓர் அளவுகோலை வகுத்தனர். 100 என்றால் குறையேதும் இல்லை. 50 என்றால் பிறருடைய உதவியும் அடிக்கடி மருத்துவமும் தேவை. 0 என்றால் மரணம். ஆயின் மதிப்பெண் இட்டவர் மருத்துவர். படுக்கையில் கிடந்தவரின் வாய்மொழி அதில் இல்லை.

அவ்வாய்மொழிக்கு இடந்தந்தவருள் ஒருவர் ஹேட்லி கான்ட்ரில் என்னும் உளவியலார். பத்துப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை அவர் மக்களிடம் காட்டினார். உச்சிப் படி, உமக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு. அடி, மிக மோசமான வாழ்வு. நீர் இப்போது எங்கே நிற்கிறீர்? சிறந்த வாழ்வு எது என்பதையும் அவரவரே தம் நம்பிக்கைகளையும் அச்சங்களையும் கூறி விளக்க வேண்டும். 1965இல் வெளியான அவரது ஆய்வில் இந்தியாவும் ஒரு நாடு. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவதும் இந்த ஏணியைக் கொண்டுதான். முதலில் பயிர், பிறகு நோய், இப்போது மனிதரின் சொந்தச் சொல் என்று அளவையின் இலக்கு உள்நோக்கி நகர்ந்ததை நாம் காண்கிறோம்.

தமிழிலும் கேட்கப்பட்ட கேள்விகள்

1991இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரும் பணியைத் தொடங்கியது. அதுவரையில் இத்தகைய வினாத்தாள்கள் பெரும்பாலும் மேலை நாடுகளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்னர் பிற மொழிகளில் பெயர்க்கப்பட்டன. இம்முறை உலகின் 15 நகரங்களில் ஒரே காலத்தில் பணி தொடங்கியது. ஹராரே, பாங்காக், டோக்கியோ, பார்சிலோனா போன்றவற்றோடு புது தில்லியும் சென்னையும் அவற்றுள் இருந்தன. நோயாளிகளையும் நலமாய் இருப்போரையும் மருத்துவப் பணியாளரையும் குழுக்களாக அமர்த்தி, நல்ல வாழ்வுக்கு எவையெல்லாம் வேண்டும் என்று பேச வைத்தனர். அப்பேச்சிலிருந்து கேள்விகள் பிறந்தன. 236 கேள்விகள் ஒவ்வொரு நகரிலும் குறைந்தது 300 பேரிடம் சோதிக்கப்பட்டு, இறுதியில் 100 கேள்விகளாகச் சுருங்கின. உடல், உள்ளம், பிறரைச் சாராது இயங்கும் நிலை, உறவுகள், சூழல், ஆன்மிகமும் நம்பிக்கைகளும் என ஆறு பிரிவுகள். பின்னர் எளிய பயன்பாட்டுக்காக 26 கேள்விகள் கொண்ட சுருக்கமும் வந்தது. அது இன்று தமிழிலும் வழங்குகிறது.

இப்பணியில் நம் மனத்தைக் கவர்ந்தது விடைச் சொற்களைத் தெரிந்தெடுத்த முறை. 'சிறிதும் இல்லை' என்பதற்கும் 'முற்றிலும்' என்பதற்கும் இடையே மூன்று சொற்கள் வேண்டும். அவற்றை அகராதி பார்த்து எழுதவில்லை. ஒவ்வொரு மொழியிலும் பதினைந்து சொற்களையேனும் திரட்டி, பொதுமக்கள் இருபது பேரிடம் கொடுத்து, பத்து சென்டிமீட்டர் நீளக் கோட்டில் ஒவ்வொரு சொல்லும் எங்கே அமையும் என்று குறிக்கச் சொன்னார்கள். கோட்டின் கால், அரை, முக்கால் பகுதிகளை ஒட்டி விழுந்த சொற்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. மக்கள் பேசும் சொல்லுக்கு மக்களே எடையிட்டனர் என்பது சிறிய செய்தி அன்று.

கணக்கிடும் முறையும் எளிதே. உறவுகள் பற்றிய பிரிவில் மூன்று கேள்விகள். விடைகள் 4, 3, 5 எனில் சராசரி 4. அதை நான்கால் பெருக்கினால் 16. அதை நூற்றுக்கு மாற்றினால் 75. வலி, மருத்துவத்தைச் சார்ந்திருத்தல், மனச்சோர்வு ஆகியவை பற்றிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் எண்களைத் தலைகீழாக்கிக் கொள்ள வேண்டும். ஆனால் உறவுகள் பற்றிய அம்மூன்று கேள்விகளில் ஒன்று தாம்பத்திய உறவைப் பற்றியது. கணவனை இழந்த எழுபது வயது மூதாட்டி அதற்கு என்ன எழுதுவார்? அருள்சகோதரி ஒருவர் என்ன எழுதுவார்? அவ்விடத்தை வெறுமையாக விட்டால் எஞ்சிய இரு விடைகளைக் கொண்டு கணக்கிடலாம் என்று விதி இடந்தருகிறது. அளவுகோல் எவ்வளவு கவனமாகச் செதுக்கப்பட்டாலும், அதில் அடங்காத வாழ்வுகள் உண்டு என்பதை அவ்விதியே ஒப்புக்கொள்கிறது.

'பரவாயில்லை' என்னும் விடை

இனி, விடை சொல்பவரின் பக்கம் திரும்புவோம். நம் ஊர்களில் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம்' என்பார்கள், 'பரவாயில்லை' என்பார்கள், 'ஏதோ ஓடுது சாமி' என்பார்கள். இவற்றில் எது 2, எது 3, எது 4? 'பரவாயில்லை' என்பது நலத்தைக் குறிப்பதும் உண்டு. கேட்டவரைச் சங்கடப்படுத்த விரும்பாத நாகரிகத்தைக் குறிப்பதும் உண்டு. இதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை என்னும் அடங்கிய துயரத்தைக் குறிப்பதும் உண்டு.

இம்மூன்றாம் வகையே ஆபத்தானது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1985இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சுட்டினார். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவுக்கு அருகே உள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார நிலையம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தாம் நோயுற்றோ நலங்குன்றியோ இருப்பதாகக் கூறினர். கைம்பெண்களில் அவ்வாறு கூறியவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. கைம்பெண்கள் ஆண்களைவிட நலமாக இருந்தார்கள் என்பதா இதன் பொருள்? அக்காலத்தில் கைம்பெண்ணின் தட்டில் என்ன விழுந்தது என்பதை அறிந்த எவரும் அப்படிச் சொல்லார். குறை சொல்லும் உரிமையே தமக்கு இல்லை என்று கற்பிக்கப்பட்டவர்கள் குறை சொல்லவில்லை. அவர்களுடைய மதிப்பெண் உயர்ந்து நின்றது.

நம் படுகையிலும் நடவு நட்டும் களை பறித்தும் இடுப்பு ஒடிந்த தாய்மார், 'எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லக் கேட்கிறோம். அம்மன நிறைவு அருளின் கனியாக இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் வாயடைக்கப்பட்டதன் விளைவாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் 4 என்னும் ஒரே எண் மூடி மறைக்கும். ஆகவே, ஏழை தன் வாயால் மகிழ்ச்சி என்றான், இனி அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு இத்தாள்கள் சாட்சியாகிவிடக் கூடாது. பாலக்குறிச்சியில் கேட்டதுபோல் கூலியையும் கடனையும் கேட்கும் பழைய வினாப்பட்டியல், மனத்தைக் கேட்கும் புதிய வினாத்தாளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

பூச்சியத்துக்குக் கீழே

மற்றோர் ஆபத்து இதனினும் பெரிது. அளப்பது துயரைத் தணிக்கவா, வாழ்வுக்கு விலை நிர்ணயிக்கவா என்னும் கேள்வி அது.

ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று 1990இல் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. நடமாட்டம், தன் தேவைகளைத் தானே செய்துகொள்ளுதல், அன்றாடப் பணிகள், வலி, கவலை; ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். ஆக 243 வகை உடல்நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பு வேண்டும். முழு நலம் 1, மரணம் 0 என்று வைத்துக்கொண்டு, பொதுமக்களிடம் அந்நிலைகளைக் கற்பனை செய்யச் சொல்லி, அதிலிருந்து விடுபட ஆயுளில் எத்தனை ஆண்டுகளை விட்டுக்கொடுப்பீர்கள் என்று வினவி மதிப்பிட்டனர். பிரித்தானியாவில் கிடைத்த விடைகளின்படி சில நிலைகளின் மதிப்பு பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. அதாவது, மரணத்தைவிடத் தாழ்ந்த வாழ்வு! 1999இல் அந்நாட்டில் அமைந்த 'நைஸ்' என்னும் நிறுவனம் எந்த மருந்துக்குப் பொதுப்பணம் செலவிடலாம் என்று முடிவு செய்ய இத்தகைய கணக்கையே பயன்படுத்துகிறது. குறைந்த பணத்தைப் பலருக்கும் நியாயமாகப் பகிர வேண்டும் என்னும் அவர்களது நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும் படுக்கையில் கிடக்கும் ஒருவரது வாழ்வின் விலையை, அப்படுக்கையில் ஒருநாளும் படுத்திராதவரின் கற்பனை தீர்மானிப்பதை எண்ணிப் பாருங்கள்.

அக்கற்பனை பெரும்பாலும் தவறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், கடுமையான உடற்குறைபாடுகளுடன் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் வாழ்வின் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே கூறினர். வெளியிலிருந்து பார்ப்போர் காணாத ஏதோ ஒன்றை அவர்கள் தம் வாழ்வில் கண்டிருந்தனர். இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, 'சிங்கூர்ப் பெண்களின் சொல்லை நம்பக் கூடாது என்றீர்கள், இவர்களின் சொல்லை நம்பச் சொல்கிறீர்களே?' என்று கேட்கலாம். நாம் கைம்பெண்களின் சொல்லைத் தள்ளவில்லை. அச்சொல்லைக் காட்டி அவர்களுக்குரிய சோற்றையும் மருந்தையும் மறுப்பதைத் தள்ளுகிறோம். அதுபோலவே, பிறருடைய சொல்லைக் காட்டி மாற்றுத்திறனாளியின் வாழ்வை மறுப்பதையும் தள்ளுகிறோம். எண் எதுவாயினும், அதைக் கொண்டு எளியவரிடமிருந்து பறிக்கலாகாது.

புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1995 மார்ச் 25 அன்று வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலில் இதைக் குறித்தே எச்சரித்தார். வாழ்வின் தரம் என்பதைப் பொருளாதாரப் பயன், நுகர்வு, உடலழகு, இன்பம் ஆகியவற்றுள் சுருக்கி, உறவையும் ஆன்மிகத்தையும் புறக்கணிக்கும் போக்கை அவர் சுட்டிக்காட்டினார். பாரத்தை அளக்கலாம், பாரம் சுமப்பவரின் மதிப்பை அளக்க எவரிடமும் மரக்கால் இல்லை.

ஆன்மாவைப் பற்றிய கேள்விகள்

உறவையும் ஆன்மிகத்தையும் உலக சுகாதார நிறுவனம் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1984இல் உலக நலவாழ்வுப் பேரவை உடல்நலத்துக்கு ஆன்மிகப் பரிமாணம் உண்டென்பதை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. 100 கேள்விகளில் நான்கு ஆன்மிகம் பற்றியவை. 26 கேள்விச் சுருக்கத்திலோ, உம் வாழ்வு எவ்வளவு பொருளுள்ளது என்னும் ஒரே கேள்வியாக அது ஒடுங்கி, உள்ளம் பற்றிய பிரிவுக்குள் ஒதுங்கிவிட்டது. இக்குறையை நீக்க 18 நாடுகளில் பல சமயத்தாரையும் சமயம் சாராதாரையும் கலந்து 32 கேள்விகள் தனியே உருவாக்கப்பட்டு, 2006இல் வெளியிடப்பட்டன. உள் அமைதி, நம்பிக்கை, வியப்பு, வாழ்வின் நோக்கம் முதலிய எட்டுத் தலைப்புகள். அருளை எண்ணால் எழுத முடியுமா என்று இறையியல் கற்றவர்கள் நகைக்கலாம். ஆனால் மருத்துவமனையில் இக்கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அறிவியலார் உணர்ந்ததே ஒரு நன்மை.

நம் எளிய மக்களோ எந்த அறிஞரும் கேட்பதற்கு முன்பே தம் விடையை எழுதி வைத்தார்கள். வேளாங்கண்ணியில் நன்றிக் காணிக்கைகள் வைக்கப்பட்டுள்ள கூடத்தைப் பார்த்தவர்கள் இதை அறிவர். கண், கை, கால், இதயம், தொட்டில், வீடு என உலோகத்தால் செய்த சிறு உருவங்கள். உடல், உறவு, சூழல், நம்பிக்கை என்று 15 நகரங்களின் அறிஞர் கூடி வகுத்த பிரிவுகளுள் பல அங்கே வரிசையாய் இருக்கின்றன. ஆயினும் அவற்றில் ஒன்றிலும் மதிப்பெண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒருவரது கதை இருக்கிறது.

கேள் என்னும் சொல்

தமிழில் 'கேள்' என்னும் ஒரே சொல் வினவு என்றும் பொருள்படும், செவிகொடு என்றும் பொருள்படும். வினவிவிட்டுச் செவிகொடாதவன் பாதியே கேட்டவன். எரிக்கோ வழியில் பார்வையற்ற பர்த்திமேயுவைக் கண்ட ஆண்டவர், அவர் தேவை எவர் கண்ணுக்கும் தெளிவாய்த் தெரிந்த போதும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே வினவி, அவர் வாயால் சொல்லக் காத்திருந்தார். வாழ்வின் தரம் பற்றிய வினாத்தாள்களின் உண்மையான பெருமை இந்தப் பாதையில்தான் உள்ளது. நிலத்தையும் நாடித்துடிப்பையும் விசாரித்தவர்கள், இறுதியில் மனிதரையே விசாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ இத்தகைய தாள் உங்கள் முன் வைக்கப்பட்டால் தயங்க வேண்டாம். கேட்பவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று எண்ணி 'பரவாயில்லை' எழுதாதீர்கள். வலி இருந்தால் வலி என்றே குறியுங்கள். அடக்கம் வேறு, மறைத்தல் வேறு. எழுதத் தெரியாத தாய் தந்தையருக்குப் படித்துக் காட்டும் பிள்ளைகள், அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். அம்மாவுக்கு ஒன்றும் குறையில்லை என்று நீங்களே நிரப்பிவிடாதீர்கள். அன்பியங்களிலும் வின்சென்ட் தே பால் சபையிலும் நோயாளரைச் சந்திக்கச் செல்வோர், இக்கேள்விகளில் நான்கைந்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு போகலாம். உறக்கம் வருகிறதா? யாரேனும் வந்து பேசுகிறார்களா? அச்சம் இருக்கிறதா? மருந்துக்குப் பணம் இருக்கிறதா? நாளைய நாளை எண்ணினால் மனம் என்ன சொல்கிறது? தாள் வேண்டாம், எண்ணும் வேண்டாம். விடை வரும் வரை அமர்ந்திருக்கும் பொறுமை வேண்டும்.

அறுவடைக் களத்தில் மரக்காலால் அளப்பவர் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. எண்ணிக்கை தொடங்கும் முன்பே நன்மையை வேண்டிக்கொண்ட வழக்கம் அது. மனித வாழ்வை அளக்கப் புகுவோரும் அவ்வாறே தொடங்கட்டும்: இந்த வாழ்வு நல்லது என்பதை முதலில் சொல்லட்டும், எஞ்சியதைப் பிறகு எண்ணட்டும்.